‘அடுப்படி வரைக்கும் போகணும், தம்பி’

மதுரையில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். வேலை கிடைக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு பி.காம் பட்டதாரிக்கு வேலை கிடைக்காமல் போவது செய்தியே இல்லை என்பது எனக்கும் தெரியும். வேலை கிடைக்காததைப் பற்றி நான் எழுதவில்லை. எந்த இடத்தில், எந்தக் கேள்விக்குப் பிறகு அது கிடைக்காமல் போனது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏனென்றால் அந்தக் கேள்வியை உங்களில் பலரும் சந்தித்திருப்பீர்கள். சந்தித்துவிட்டு, நம் ஆங்கிலம் சரியில்லை, நம் உடை சரியில்லை, நம் தன்னம்பிக்கை போதவில்லை என்று நம்மையே நொந்துகொண்டு பேருந்து ஏறியிருப்பீர்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் ஒரு செல்போன் கடையில் விற்பனையாளராக இருந்தேன். சம்பளம் 11,500 ரூபாய். காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணிவரை. தீபாவளி மாதத்தில் அந்தக் கடையில் அதிகமாக விற்றவன் நான்தான். அதைக் கடை முதலாளியே எழுதிக் கொடுத்திருந்தார். இந்தப் புதிய வேலைக்கு மாதம் 16,000, பெட்ரோல் படி, விற்பனைக்கு ஏற்ற இன்சென்டிவ் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். சொந்த இருசக்கர வாகனம், ஓட்டுநர் உரிமம், ஏதாவது ஒரு பட்டம். மூன்றும் என்னிடம் இருந்தன.

முதல் சுற்று தொலைபேசியில் நடந்தது. இரண்டாவது சுற்றில் பதினான்கு பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, மேசையில் இருந்த ஒரு தண்ணீர் பாட்டிலை விற்றுக் காட்டச் சொன்னார்கள். அதில் நான்கு பேர் தேறினோம். மூன்றாவது சுற்று ‘ஃபீல்டு ட்ரையல்’. அதாவது, இரண்டு நாள் ஒரு சீனியரோடு வீடு வீடாகப் போய் விற்க வேண்டும். சம்பளம் கிடையாது, பெட்ரோலும் நம்முடையது. அந்த இரண்டு நாளில் ஆறு வீடுகளில் டெமோ கொடுத்தேன். குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை விட்டு அளவைக் காட்டுவது, பிறகு இயந்திரத் தண்ணீரில் விட்டுக் காட்டுவது, குழந்தைகள் இருக்கும் வீடென்றால் எப்படிப் பேசுவது, வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் எப்படிப் பேசுவது எல்லாவற்றையும் முதல் நாள் மதியத்துக்குள் பிடித்துக்கொண்டேன். இரண்டு வீடுகளில் முன்பணம் வாங்கினேன். கூட வந்த சீனியர், “தம்பி, நான் சேந்தப்ப முதல் புக்கிங் வர பதினோரு நாள் ஆச்சு” என்றார். மனிதவளப் பிரிவிலிருந்து பேசிய அம்மையார், “ஏரியா மேனேஜரைப் பாக்குறது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான். ஒண்ணாந்தேதி ஜாயினிங். பழைய இடத்துல சொல்லிருங்க” என்றார். நான் கடையில் சொல்லிவிட்டேன். எனக்குப் பதிலாக அடுத்த வாரமே வேறு பையனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசிச் சுற்றில் ஏரியா மேனேஜர் அன்பாகத்தான் பேசினார். டீ வரவழைத்தார். என் இரண்டு புக்கிங்கையும் பாராட்டினார். பிறகு கேட்டார்.

“சொந்த ஊரு எது தம்பி?”

சொன்னேன்.

“அடடே, அங்க நமக்கு நெறைய ஆளுங்க இருக்காங்களே. ஊருக்குள்ள எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, பஸ் ஸ்டாண்டு பக்கமா?”

“தண்ணித் தொட்டியத் தாண்டி சார்.”

“ஓ… தாண்டியா. அப்பா என்ன பண்றாரு?”

“பேரூராட்சியில இருக்காரு சார்.”

“கிளார்க்கா?”

“இல்ல சார். தூய்மைப் பணியாளர்.”

“நல்லது, நல்லது” என்றார். கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். அதன்பிறகு விற்பனையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. சற்று நேரம் கழித்து, மிகவும் அக்கறையான குரலில், “இது கடையில நின்னு விக்கிற மாதிரி இல்ல. கஸ்டமர் வீட்டு அடுப்படி வரைக்கும் போகணும், தம்பி. தண்ணி சமாச்சாரம் வேற. சில வீடுங்க ஒரு மாதிரி இருக்கும். நாளைக்கு உங்களுக்கே சங்கடமாயிரும், அதுக்குத்தான் சொல்றேன்” என்றார்.

“சொல்லி அனுப்புறோம்” என்பதோடு முடிந்தது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அந்த அம்மையார் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். நான் முன்பணம் வாங்கிய இரண்டு வீடுகளிலும் இயந்திரம் மாட்டிவிட்டார்கள் என்பதை அந்த சீனியர்தான் பிறகு சொன்னார். நான் விற்ற இயந்திரம் அடுப்படிக்குள் போய்விட்டது. நான்தான் போகக் கூடாது.

இதை நண்பர்களிடம் சொன்னபோது நான்கு விதமான பதில்கள் வந்தன. நான்கும் நமக்குப் பழக்கமானவைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: “உனக்கு எதுக்கெடுத்தாலும் சாதிதான். அவர் சும்மா ஊரைக் கேட்டிருப்பார்.”

வட இந்தியாவில் ஒருவரின் பெயரின் பின்பாதியே சாதியைச் சொல்லிவிடும். தமிழ்நாட்டில் அப்படியில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பலர் அங்கேயே துறந்தார்கள். நூறு வருடம் நெருங்கப் போகிறது. அது பெரிய சாதனை. நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் பெயரிலிருந்து துரத்தப்பட்ட சாதி எங்கே போனது? அது கேள்விக்குள் போய் ஒளிந்துகொண்டது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, குலசாமி எது, அப்பா என்ன செய்கிறார், மாமா வீடு எங்கே. இத்தனையும் ஒரே கேள்வியின் பல வடிவங்கள். இதைக் கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ‘காலனி’ என்ற சொல் வசைச் சொல்லாகவும் தீண்டாமையின் அடையாளமாகவும் ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். முகவரியில் ஒரு சொல்லைப் பார்த்தே ஆளை எடைபோடும் சமூகம் இது என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் சொன்னால் மட்டும் அது என் மனப்பிராந்தியா?

ஊரைக் கேட்பது தவறில்லை என்று வைத்துக்கொள்வோம். எந்த ஏரியாவில் வேலை பார்க்க வசதி என்று தெரிந்துகொள்ள ஊரைக் கேட்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தெரிந்துகொண்டு விற்பனையில் என்ன செய்யப்போகிறார்கள்?

இரண்டாவது பதில்: “கம்பெனி என்ன செய்யும்? கஸ்டமர் அப்படி இருக்காங்க.”

இதுதான் மிக ஆபத்தான பதில். ஏனென்றால் இதைச் சொல்பவர் தன்னைச் சாதி பார்க்காதவராகவே நினைத்துக்கொள்கிறார். சாதி எப்போதும் வேறு யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. இவர் அந்த வீட்டுக்கு மரியாதை மட்டும் கொடுக்கிறார். ஆனால் உண்மை என்ன? நான் ஆறு வீடுகளின் அடுப்படிக்குப் போனேன். ஒரு வீட்டிலும் யாரும் என் தெருவைக் கேட்கவில்லை. ஒரு அம்மா எனக்கு மோர் கொடுத்தார். இன்னொரு வீட்டில் நான் பிடித்துக் கொடுத்த தண்ணீரைப் பாட்டி வாங்கிக் குடித்துவிட்டு, “கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கு” என்றார். மற்ற இடங்களில் கேட்கவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் வீடுகள் இருக்கின்றன; எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் என் கதையில் கேட்டது கஸ்டமர் இல்லை. கம்பெனிதான் கேட்டது. கஸ்டமர் மனதில் இருக்கலாம் என்று தானே கற்பனை செய்துகொண்ட தீண்டாமையை, கஸ்டமருக்கு முன்பாகவே கம்பெனி அமல்படுத்தியது.

இது புதிதும் இல்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் துரத்தினார்கள். வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்பி, பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை நன்றாகத்தான் இருந்தது. சொன்னவரின் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்து சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்குச் சக பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வேலை, வாடிக்கையாளர், தண்ணீர். நூறாண்டுக்கு முன்பு அவருக்கு நடந்த மூன்றும், மதுரையில் ஒரு ஏசி அறையில், பதினைந்து நிமிடத்துக்குள் எனக்கு ஒன்றாக வந்து நின்றன.

தண்ணீர் சமாச்சாரம் என்றார் மேனேஜர். ஆமாம், தண்ணீர் சமாச்சாரம்தான். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிப்பதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. என் அப்பா முப்பது வருடமாக அந்தப் பேரூராட்சியின் சாக்கடைகளைச் சுத்தம் செய்கிறார். அவர் ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அந்த ஊர்த் தண்ணீரை எந்த நிறுவனத்தின் எந்த இயந்திரத்தாலும் குடிக்க வைக்க முடியாது. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பவரின் மகன் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை விற்கத் தகுதியற்றவன் என்றால், இங்கே ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

மூன்றாவது பதில்: “தனியார் கம்பெனி தகுதி, திறமையைத்தான் பார்க்கும். லாபம்தானே அவனுக்கு முக்கியம்?”

நம்மில் முற்போக்கு பேசும் நண்பர்களே இதை நம்புகிறார்கள். சந்தைக்குச் சாதி தெரியாது என்பது ஒரு பக்திப் பாடல் மாதிரி ஆகிவிட்டது. ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்கள் 548க்கு, 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரியான தகுதிகள். பெயர் மட்டும் வேறு. ஆதிக்கச் சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அந்த விளம்பரங்களில் மருந்து விற்பனை, வாகன விற்பனை போன்ற என்னைப் போன்றவர்கள் விண்ணப்பிக்கும் வேலைகளும் இருந்தன. இதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரைப் பேட்டி கண்டார்கள். அவர்கள் எல்லோரும் தகுதிதான் முக்கியம் என்றார்கள். அதே மூச்சில் ‘குடும்பப் பின்னணி’யையும் கேட்போம் என்றார்கள். தகுதியை அளக்கும் கோலில் அப்பாவின் தொழிலும் ஒரு கோடாக வரையப்பட்டிருக்கிறது.

யார் கையில் அந்தக் கோல் இருக்கிறது? இந்தியாவின் முன்னணி நிறுவனங்கள் ஆயிரத்தின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வந்த ஆய்வு, அந்த இருக்கைகளில் 90 சதவீதத்துக்கு மேல் முன்னேறிய சாதியினரே இருந்தார்கள் என்று காட்டியது. தலித்துகளும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 சதவீதம்.

விற்பனைத் துறையில் இது இன்னும் கூர்மையாகிறது. இங்கே ‘திறமை’ என்று எதைச் சொல்கிறார்கள்? “ஏரியாவில் தொடர்பு இருக்கணும்”, “சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க லிஸ்ட் ஒரு நூறு பேர் எழுதுங்க”, “பார்த்ததும் பிடிக்கிற தோற்றம் வேணும்”. என் நூறு பேர் பட்டியலில் இருப்பவர்கள் கூலித் தொழிலாளிகளும் தூய்மைப் பணியாளர்களும். அவர்களால் 15,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்க முடியாது. கடை முதலாளிகளையும் நிலக்காரர்களையும் மாமா, சித்தப்பா என்று அழைக்கும் ஒருவன் அந்தப் பட்டியலைப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுவான். அவன் பிறந்தபோதே கிடைத்த உறவுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் திறமை. முன்பின் தெரியாத ஆறு வீடுகளின் கதவைத் தட்டி, இரண்டு வீடுகளில் விற்றவனிடம் இருப்பதற்குப் பெயர் என்ன?

நான்காவது பதில்: “பதில் சொல்லாம இழுத்தடிக்கிறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். உனக்கு மட்டுமா?”

இதில் உண்மை இருக்கிறது. சம்பளமில்லாத ‘ட்ரையல்’, ஆசை காட்டி வேலையை விட வைப்பது, பிறகு மௌனம். இது எல்லாச் சாதி இளைஞர்களுக்கும் நடக்கிறது. அந்த நால்வரில் வேறு ஒருவருக்கும் இதேதான் நடந்தது. அதனால்தான் சொல்கிறேன், இந்த மௌனம் எல்லோருடைய பிரச்சினையும்கூட. எல்லோரையும் காரணம் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் இருப்பதால்தான், சாதிக்காக அனுப்பப்பட்டவன் தன்னிடம் இருப்பதை நிரூபிக்க முடியாமல் நிற்கிறான். என்னை நிராகரித்ததற்கு ஒரு கடிதம் இல்லை, ஒரு மதிப்பெண் இல்லை, ஒரு குறிப்பு இல்லை. அந்த அறையில் பேசியதற்குச் சாட்சி ஆறிப்போன டீ மட்டும்தான். சாதி காரணமா என்று கேட்டால், என்னால் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. அப்படி நிரூபிக்க முடியாதபடி அமைக்கப்பட்டிருப்பதுதான் இந்த முறை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது உறுப்பு சம வாய்ப்பைத் தருகிறது. ஆனால் அது அரசுப் பணிகளுக்கு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்த வேலையிலிருந்தும் தடுப்பது குற்றம் என்கிறது. பட்டியல் சாதியினருக்கு எதிராக அப்படி நடந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும் என்றும் அதன் 12ஆவது பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘தடுத்தார்கள்’ என்பதையே காட்ட முடியாதவனுக்கு அந்தப் பிரிவு எப்படி உதவும்? வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதால் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976இலேயே சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2016 சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சொல்கிறது. இரண்டும் அவசியமானவை. அப்படியிருக்க, தனியார் நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்கும் நடைமுறையில் சாதிப் பாகுபாட்டைக் குறிவைத்து ஒரு சட்டம் மட்டும் ஏன் இல்லை? 2006இல் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிய பேச்சு எழுந்தபோது, நாங்களே தாமாக முன்வந்து நடத்தை விதிகளைக் கடைப்பிடிக்கிறோம் என்று தொழில் அமைப்புகள் சொன்னார்கள். அந்த நடத்தை விதி என் ஏரியா மேனேஜரின் மேசைவரை வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டால் இதைச் செய்ய முடியும். தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. செல்போன் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் என்பதால் அந்தத் திருத்தத்தின் அருமை எனக்குத் தெரியும். உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய அரசு, நேர்காணலில் தெருவையும் அப்பாவின் தொழிலையும் கேட்கக் கூடாது என்பதையும் சட்டமாக்கட்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, எழுத்தில் கேட்கட்டும். நிராகரித்தால் காரணத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் தரட்டும். ‘ட்ரையல்’ நாட்களுக்குக் கூலி கொடுக்கட்டும். ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், யாரை எடுத்தார்கள் என்பதைச் சமூகப் பிரிவுவாரியாக வெளியிடட்டும். அரசுப் பணியிடங்கள் சுருங்கி, ஒப்பந்தத்துக்கும் தனியாருக்கும் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாமல் 69 சதவீதம் என்று பெருமை பேசுவது வற்றிக்கொண்டிருக்கும் குளத்துக்கு மதகு கட்டுவது போலத்தான்.

கடைசியாக, என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று இரவு அப்பா, “வேலை என்னாச்சுப்பா?” என்று கேட்டார். “கம்ப்யூட்டர் கோர்ஸ் கேக்குறாங்கப்பா, அது நம்மகிட்ட இல்ல” என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே, “எவ்வளவு ஆகும்? கூட்டுறவு சொசைட்டியில கேட்டுப் பாக்குறேன்” என்றார். தன் தொழிலைச் சொன்னதால்தான் மகனுக்கு வேலை போனது என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், மேனேஜர் பேனாவை மூடியதற்கும் நான் வாயை மூடியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் என் அப்பாவின் வேலையை இழிவென்று நினைத்தார். நான் அதை மறைத்ததன் மூலம் அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன். கோர்ஸுக்குக் கடன் வாங்க வேண்டாம் என்றும் சொல்லப்போகிறேன்.

தோழர்களே, அடுத்த நேர்காணலில் “ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்று கேட்டால், பணிவாகவே திருப்பிக் கேளுங்கள்: “இந்தக் கேள்வி இந்த வேலைக்கு எதுக்கு சார்?” வெளியே வந்ததும் தேதி, நேரம், கேட்டவரின் பதவி, கேட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அந்தக் கேள்வி கேட்கப்படாதவர்களாக வளர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்களிடம் கேட்கும்போதும் இதையே திருப்பிக் கேளுங்கள். நாங்கள் மட்டும் கேட்டால் அது திமிர் என்பார்கள். எல்லோரும் கேட்டால்தான் அந்தக் கேள்வி சாகும்.

ஜெய்பீம்.